தெற்கத்திய இனிப்புத் தேநீர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் பிரதேசத்தில், ஜார்ஜியா, அலபாமா, வட கரோலினா, தென் கரோலினா முதலிய மாநிலங்களில், கோடையில் பந்துக்களும் சிநேகிதர்களும் கூடுகிற வீடுகளிலெல்லாம், விருந்தினர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே கைக்கு வந்து சேருகிற பானம், ஐஸ் கட்டிகள் மிதக்கும் இனிப்புத் தேநீர்தான்.

இதன் ரகசியமெல்லாம் சர்க்கரை சேரும் தருணத்தில் இருக்கிறது. குளிர்ந்த ஜலத்தில் சர்க்கரை எளிதில் கரையாமல் அடியில் தங்கிவிடுமாதலால், கொதித்த நீரில் கறுப்புத் தேயிலையை ஐந்து நிமிஷம் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சூட்டிலேயே சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, அதன் பிறகே குளிர்ந்த நீர் விட்டு விளாவுகிறார்கள். நான்கு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு காலன் பானத்துக்கு ஒன்று முதல் இரண்டு கோப்பைச் சர்க்கரை என்பது அங்கே சர்வசாதாரணம். நமக்கோ பாயசத்தின் ஞாபகம் வந்துவிடும்! கசப்பைத் தணிக்க ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறவர்களும் உண்டு. நன்றாக ஆறுவதற்கு முன் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் பானம் கலங்கிப்போகும். ருசிக்குப் பங்கமில்லை, பார்வைக்குத்தான் குறை.

1879-ஆம் வருஷம் மேரியன் கேபெல் டைரீ என்னும் அம்மையார் வெளியிட்ட வர்ஜீனியா சமையல் நூலில் இதன் பூர்வ ரூபம் காணப்படுகிறது. ஆனால் அவர் சொல்லுவது பச்சைத் தேயிலை. அதைக் காலையில் ஊறவைத்து, உணவு வேளையில் ஐஸ் நிறைந்த கிண்ணங்களில் ஊற்றிப் பருகச் சொல்கிறார். கறுப்புத் தேயிலை அந்த ஸ்தானத்தைப் பிடித்தது பிற்காலத்தில்தான்.

இன்றும் அப்பிரதேசத்து உணவு விடுதிகள் பலவற்றில் வெறுமனே ‘டீ’ என்று கேட்டால், ஆவி பறக்கும் கோப்பை வராது; ஐஸ் போட்ட உயரமான கண்ணாடி டம்ளர்தான் வரும்.