ரீசார்ஜ் பண்ணினால்தான் பள்ளிக்கூடமா?

தொகுதிப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து...



இங்கே வந்திருக்கும் தாய்மார்களிடம் ஒரு கேள்வி. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடினாங்களே, அப்போ உங்க வீட்டில் எத்தனை ஸ்மார்ட்போன் இருந்துச்சு? பல வீட்டில் ஒண்ணுதான். ஊரடங்கு தளர்ந்து அப்பா வேலைக்குக் கிளம்பினால் போனும் கூடவே போயிடும். பத்து மணிக்கு கூகுள் மீட்டில் கணக்கு வகுப்பு. பிள்ளை வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும். ரெண்டு பிள்ளைகள் இருந்தால் அக்காவுக்கு வகுப்பா, தம்பிக்கு வகுப்பா?

ஜூம், கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் நல்ல கருவிகள்தான். ஆசிரியர்களும் பாடத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாங்க. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடுச்சு. ஆனா, டி.வி.யைப் பார்த்து "சார், புரியலை"ன்னு கையைத் தூக்க முடியுமா?

2021 தொடக்கத்தில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி இலவச டேட்டா அறிவிச்சாங்க. வரவேற்க வேண்டியதுதான். அரசுப் பள்ளியில் மூணாம் வகுப்பு படிச்ச குழந்தைக்கு? அப்பா ரீசார்ஜ் பண்ணினால்தான் பாடம்!

ஒரு கணக்கு சொல்றேன். 2020 ஜூனில் ஒண்ணாம் வகுப்புக்குப் போக வேண்டிய குழந்தையை எடுத்துக்குங்க. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அன்னிக்கு அது ரெண்டாம் வகுப்பு! கைபிடிச்சு 'அ' எழுதப் பழக்க டீச்சர் பக்கத்தில் இல்லாமலேயே ஒரு வகுப்பைத் தாண்டிடுச்சு.

அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. தெருவில் படிச்ச அக்காக்களும் அண்ணன்களும் சாயங்காலம் குழந்தைகளை உட்கார வெச்சு, எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாங்க. போனில் கிடைக்காதது அங்கே கிடைச்சது.

அந்தக் குழந்தை 2030-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும். இன்னும் நேரம் இருக்கு. தோழர்களே, உங்க தெருவில் அந்த வயசுப் பிள்ளைகளை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்க, ஒரு வகுத்தல் கணக்குப் போடச் சொல்லுங்க. தடுமாறினால் திட்டாதீங்க. ஆசிரியரிடம் பேசுங்க, சாயங்கால வகுப்புக்கு இடம் பிடிச்சுக் கொடுங்க.

அரசிடம் நம்ம கோரிக்கையும் இதுதான்: நாளைக்கு வெள்ளமோ நோயோ வந்து பள்ளி மூடினால், கருவியும் டேட்டாவும் அரசுப் பொறுப்பு. தெருவுக்கு வந்து சொல்லித்தர ஓர் ஆளும் வேணும்.



#அனைவருக்கும்_கல்வி