கொட்டை அரைக்கும் காபி மெஷின் வாங்கலாமா? முதல் கேள்வி சிக்கரி

(ஒலிபரப்பான எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

சமையலறைச் சாமான்களைப் பற்றி நாம பேசிக்கிட்டு வர்ற வரிசையில இன்னைக்குக் காபி மெஷின். எல்லாக் காபி மெஷினும் இல்லை. மேலே இருக்கிற டப்பாவில் காபிக்கொட்டையைக் கொட்டிவிட்டால், உள்ளேயே அரைத்து, கீழே காபியாக இறக்கிக் கொடுக்கிற வகை. கடையில் 'பீன் டு கப்'னு சொல்வாங்க. விலை பெரும்பாலும் 40,000 ரூபாய்க்கு மேலே. லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. அதனால வாங்கின பிறகு யோசிக்கிற சாமான் இல்லை இது.

எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறீங்க. நான் வேறொன்று கேட்கிறேன். உங்க வீட்டில் இப்போ என்ன தூள் வாங்குறீங்க? எண்பதுக்கு இருபதா, எழுபதுக்கு முப்பதா? அந்த இருபதும் முப்பதும் சிக்கரி. காபி-சிக்கரி கலவை என்று விற்கிற பாக்கெட்டில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவு விதி. அதாவது 49 வரைக்கும் சிக்கரி இருக்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும், ஒரு தடவை பாருங்க.

சிக்கரி கொட்டை கிடையாது. ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடிப்பது. கொட்டை போடுகிற டப்பாவில் அதைப் போட முடியாது. சில மெஷின்களில் அரைத்த தூள் போடத் தனி வாய் இருக்கும். அதில் கலவைத் தூளைப் போட்டுப் பார்க்கலாமேன்னு தோணும். வேண்டாம். சிக்கரி தண்ணீர் பட்டதும் ஊறிப் பிசுபிசுப்பாகும். பித்தளை ஃபில்டரில் அது நல்லது. தண்ணீரை மெதுவாக இறங்க வைத்து டிகாக்‌ஷனைக் கெட்டியாக்கும். மெஷினின் மெல்லிய சல்லடையில் அதுவே அடைப்பு. ஆக, இந்த மெஷின் வாங்குறீங்கன்னா சிக்கரியை விடுறீங்கன்னு அர்த்தம். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

நாற்பது வருஷமா கலவைக் காபி குடிச்ச நாக்குக்கு இது சின்ன மாற்றம் இல்லை. "என்ன இது, தண்ணியா இருக்கு, புளிக்குது"ன்னு வீட்டுப் பெரியவர் முதல் நாளே சொல்லிடுவார். அவர் சொல்றது தப்பும் இல்லை. அந்தக் கருப்பு நிறம், நாக்கில் நிற்கிற கனம், அடித்தொண்டையில் லேசான கசப்பு, இதெல்லாம் பாதிக்குப் பாதி சிக்கரி கொடுத்ததுதான். மெஷின் கனத்தை வேறு வழியில் கொண்டுவருகிறது. வெந்நீரை அழுத்தத்தோடு தூளுக்குள் தள்ளி, அரை நிமிஷத்துக்குள் சாறு எடுக்கிறது. அது எஸ்பிரஸ்ஸோ. நல்ல காபிதான், ஆனால் ஃபில்டர் காபி இல்லை.

அதனால மெஷினுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால ஒன்று செய்யுங்க. வழக்கமா வாங்குகிற கடையிலேயே சிக்கரி இல்லாமல் கால் கிலோ தூள் அரைத்து வாங்குங்க. இருக்கிற ஃபில்டரிலேயே ஒரு வாரம் போட்டு எல்லாருக்கும் கொடுங்க. முதல் இரண்டு நாள் முணுமுணுப்பு இருக்கும், விடுங்க. வாரக் கடைசியிலும் பழைய தூளே வேணும்னு சொன்னாங்கன்னா உங்க 50,000 ரூபாய் தப்பிச்சுது. ஒரு நல்ல ஃபில்டரும், வாரத்துக்கு ஒரு தடவை புதுசா அரைத்த தூளும் போதும். சந்தோஷமா இருங்க. பழகிடுச்சுன்னா மேலே பேசலாம்.

மெஷினில் இரண்டு வகை. ஒன்று முழுத் தானியங்கி. பொத்தானை அமுக்கினால் அரைத்து, அழுத்தி, காபி இறக்கி, சக்கையைத் தானே உள்டப்பாவில் தள்ளிவிடும். பிலிப்ஸ் 3200, டிலாங்கியின் மேக்னிஃபிகா எல்லாம் இந்த வகை. இன்னொன்று பாதி கைவேலை. பிரெவிலின் பாரிஸ்டா எக்ஸ்பிரஸ் மாதிரி. அரைப்பதை அது செய்யும்; கைப்பிடி வைத்த கிண்ணத்தில் தூளைப் பிடித்து, அமுக்கி, மாட்டி, பாலை நீராவியில் காய்ச்சுவது நம்ம வேலை. காலையில் எட்டு மணிக்கு ரெண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வீட்டில் இரண்டாவது வகை மூன்றாம் வாரமே மூலைக்குப் போகும். காபி போடுவதே ஒரு ரசனை என்று இருப்பவருக்கு முதல் வகை போரடிக்கும். உங்க வீட்டில் யார் போடப்போறாங்கன்னு பார்த்து முடிவு பண்ணுங்க.

எந்த வகையானாலும் நீங்க பணம் கொடுப்பது பெரும்பகுதி அரவைக்குத்தான். திருகையில் இரண்டு கல்லுக்கு நடுவே தானியம் போகிற மாதிரி, பல் வைத்த இரண்டு சக்கரத்துக்கு நடுவே கொட்டை போய் நொறுங்க வேண்டும். இதைத்தான் 'பர்' என்கிறார்கள். எஃகிலும் இருக்கும், செராமிக்கிலும் இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு அதில் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டாம். விலை குறைந்த சில டிரிப் மெஷின்களில் மிக்சி மாதிரி பிளேடு வைத்திருப்பார்கள். பிளேடு கொட்டையைக் கண்டபடி வெட்டும். பாதி மாவாகும், பாதி ரவையாகும். மாவு கசக்கும், ரவை புளிக்கும், இரண்டும் ஒரே கப்பில் வரும். அதை வாங்காதீங்க. அரவைக்கு எத்தனை படி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்க. பெட்டி மேல 15 பார், 19 பார்னு பெரிசா போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீங்க. எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டியது சுமார் 9 பார்தான்.

அரவையும் காபியும் ஒரே உடம்பில் இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. அரவை கெட்டுப்போனால் மொத்த மெஷினும் ரிப்பேருக்குப் போகும். மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவர்கள், சர்வீஸ் ஊரிலேயே உண்டா, இல்லை சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பணுமான்னு வாங்கும் முன்னே கேளுங்க. வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் பரண்ல போட்டு வைங்க. ஒரே ஒரு ஆள் காபி குடிக்கிற வீட்டுக்கு என் யோசனை, இந்த மெஷினே வேண்டாம். நல்ல கை அரவை ஒன்றும் ஃபில்டரும் போதும். நாலைந்து பேர் நாலைந்து நேரத்தில் குடிக்கிற வீட்டுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

அமெரிக்காவில் இருக்கிற ஒரு நேயர் எழுதியிருந்தார். அப்பா அம்மா கும்பகோணத்தில் தனியா இருக்காங்க. அம்மாவுக்குக் கை நடுக்கம். கொதிக்கிற தண்ணியை ஃபில்டரில் ஊத்தும்போது போன மாசம் கையில் பட்டுடுச்சு. அடுத்த தடவை வரும்போது ஒரு மெஷின் கொண்டு வரலாமா என்கிறார்.

சார், அங்கிருந்து கொண்டு வராதீங்க. அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரா செருகினால் அன்னைக்கே போச்சு. டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான், ஆனால் இந்த மெஷின்கள் 1,500 வாட் வரை இழுக்கும், அதற்கு வைக்கிற டிரான்ஸ்ஃபார்மரை அப்பாவால் தூக்க முடியாது. போதாததற்கு அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இந்த மெஷின்களில் பெரும்பாலும் இருக்கிற அதிர்வு பம்ப் மின்சாரத்தின் துடிப்பை வைத்தே ஓடுவது, அதனால் வேகம் குறையும். துபாய், சிங்கப்பூரிலிருந்து வந்தால் மின்சாரம் ஒத்துப்போகும். ஆனால் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கின நாட்டோட நின்னுடும். இங்கேயே வாங்குங்க. சமையலறையில் 16 ஆம்பியர் பிளக் இருக்கான்னு அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்க. சின்ன 6 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது.

அம்மாவுக்கு முழுத் தானியங்கிதான் சரி. ஆனால் தண்ணித் தொட்டியை நிரப்பி மாட்டுவது, சக்கை டப்பாவை இழுத்துக் கொட்டுவது, இதையெல்லாம் அந்தக் கை செய்யுமான்னு கடையிலேயே ஒரு தடவை அவங்களைச் செய்ய வைச்சுப் பாருங்க. முடியலைன்னா, அப்பா ராத்திரியே ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி வைக்கட்டும். அம்மாவுக்கு வேண்டியது கை சுடாம இருக்கிறது. அதுக்கு மெஷின்தான் ஒரே வழின்னு இல்லை.

சரி, வாங்கியாச்சு. கொட்டை எது? பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்று கடையில் சொல்வது அராபிகா. அது மட்டும் போட்டால் பாலில் காணாமல் போகும். சிக்கரியை எடுத்துவிட்டோம் இல்லையா, அந்த இடத்தை நிரப்ப ரொபஸ்டா கொஞ்சம் சேருங்க. எழுபது அராபிகா, முப்பது ரொபஸ்டாவில் ஆரம்பிக்கலாம். வறுவல் நடுத்தரமா இருக்கட்டும். கருகக் கருக வறுத்து எண்ணெய் மினுமினுக்கிற கொட்டை வேண்டாம். அந்த எண்ணெய் அரவைச் சக்கரத்தில் ஒட்டி, தூள் வழியிலேயே அடைத்துக்கொள்ளும். வறுத்த அன்னைக்கே போடாதீங்க, ஒரு வாரம் காற்று போகட்டும்; ஒரு மாசத்துக்குள்ள தீர்த்துடுங்க. மேல் டப்பாவை ரொப்பி வைக்காதீங்க, குறிப்பா கடலோர ஊர்க்காரங்க. இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியது மட்டும் அதில். மிச்சம் காற்றுப் புகாத டப்பாவில்.

அரிசியில் கல் பொறுக்குவது போல, கொட்டையைத் தட்டில் பரப்பிப் பாருங்க. மூட்டையிலிருந்து அளந்து தருகிற கொட்டையில் சின்னக் கல் வருவதுண்டு. ஒரு கல் போதும், சக்கரத்தின் பல் போய்விடும். அரைக்கும்போது கிறீச்சுன்னு சத்தம் வந்தா உடனே நிறுத்துங்க. மிக்சி ஜாரில் கல்லுப்பு போட்டு ஓட்டுகிற வழக்கம் நம்ம வீடுகளில் உண்டு. அரிசி போட்டுச் சுத்தம் பண்றவங்களும் இருக்காங்க. இதில் இரண்டும் கூடாது. தண்ணியும் கூடாது. உலர்ந்த பிரஷ் போதும்.

அரவையைச் சரி பண்ணுவதற்கு நாக்கும் கடிகாரமும் வேண்டும். கைவேலை மெஷினில் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காபி, 25லிருந்து 30 விநாடிக்குள் வர வேண்டும். 12 விநாடியில் ஓட்டமா ஓடி வந்தால் தூள் கொரகொரப்பு, காபி புளிக்கும். 45 விநாடி சொட்டுச் சொட்டா வந்தால் மாவா போச்சு, கசக்கும். தானியங்கியிலும் நாக்கு சொல்வது இதுதான். ஒரு தடவைக்கு ஒரு படி மட்டும் மாற்றுங்க, அதுவும் அரைத்துக்கொண்டு இருக்கும்போதே. நின்றிருக்கும்போது திருகினால் நடுவில் கொட்டை சிக்கிக்கொண்டு திருகு கெட்டுப்போகும். மாற்றினதும் வருகிற கப்பை வைத்து முடிவு பண்ணாதீங்க. குழாயில் பழைய அரவைத் தூள் மிச்சம் இருக்கும். அதுக்கடுத்த கப்பைக் குடிச்சுப் பாருங்க. காபி போதலைன்னு நீள காபிப் பொத்தானை அமுக்காதீங்க. அதே தூளில் மேலும் தண்ணி ஓடி, கசப்புதான் வரும். சின்ன காபி இரண்டு எடுத்துக் கலந்துக்கோங்க.

இனி பெரிய புகார். "சூடே இல்லை." மெஷின் பாலை 60, 65 டிகிரியில் நிறுத்தும், நுரை நல்லா வர்ற சூடு அது. டபராவில் ஆத்திக் குடிக்கிற நமக்கு அது ஆறின காபி. இதுக்கு ஒரே வழிதான் எனக்குப் பிடிச்சது: மெஷினில் பாலையே தொடாதீங்க. டம்ளரை வெந்நீரில் கழுவி, அதில் சின்ன காபி இரண்டு இறக்குங்க. அடுப்பில் பாலைக் கொதிக்கக் காய்ச்சி, ஊத்தி, சக்கரை போட்டு, ஒரு ஆத்து. வீட்டுப் பெரியவங்க ஏத்துக்கிற காபி இதுதான். பால் குழாய் கழுவுகிற வேலையும் மிச்சம்.

தண்ணீரைப் பற்றி. போர் தண்ணீரை ஊற்றினால் சில மாதங்களில் உள்ளே சுண்ணாம்பு படியும். காபி சொட்டச் சொட்ட வரும், அப்புறம் நின்றுபோகும். ஆர்.ஓ. தண்ணீர் அதைத் தடுக்கும். ஆனால் டி.டி.எஸ்.ஸை அடியோடு இறக்கி வைத்தால் காபி சப்பென்று இருக்கும். 100 வாக்கில் இருக்கட்டும். மெஷின் விளக்கு எரிந்து சுண்ணாம்பு எடுக்கச் சொன்னால் அன்றே செய்யுங்க, கம்பெனி சொல்கிற திரவத்தில். வினிகர் வேண்டாம், ரப்பர் வளையங்களுக்கு ஆகாது, வாடையும் போகாது.

சக்கை டப்பாவைத் தினம் கொட்டுங்க. நம்ம ஊர் ஈரத்துக்கு மூன்றாம் நாள் பூஞ்சை வந்துடும். காபி இறக்குகிற பாகத்தைக் கழற்ற முடிகிற மெஷினா என்று வாங்கும்போதே பாருங்க. பிலிப்ஸ், டிலாங்கியில் கழற்றலாம், ஜுராவில் முடியாது. கழற்ற முடிந்தால் வாரம் ஒரு தடவை வெறும் தண்ணீரில் அலசி, காய வைத்து மாட்டுங்க. சோப்பு போடாதீங்க. இன்னொன்று, யாரும் கேட்காத விஷயம்: கரப்பான். மெஷினுக்கு அடியில் எப்பவும் இளஞ்சூடு, ஈரம், தூள். அதுக்கு வேறென்ன வேணும்? ராத்திரி தட்டைக் கழுவி, துடைத்துவிட்டுப் படுங்க. ஊருக்குப் போறீங்கன்னா கொட்டை, தண்ணி, சக்கை மூன்றையும் காலி பண்ணிட்டுப் போங்க.

காலையில் ஐந்து மணிக்கு இது அரைக்கிற சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும். மெஷினை எங்கே வைக்கிறதுன்னு அதையும் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் வெட் கிரைண்டர். டேபிள் டாப்பா, பழைய கல்லான்னு உங்க கேள்விகளை அனுப்புங்க.