நோயாளியின் பாஷை

(மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில் சிற்றாலயக் குருவானவர் ஆற்றிய உரை)



கடந்த ஓர் ஆண்டு முழுவதும் இந்த ஆஸ்பத்திரியின் வாசல் அடைபடாமல் காத்த தேவனுக்குத் துதியும், உங்கள் ஜெபத்துக்கும் காணிக்கைக்கும் எங்கள் நன்றியும் உரித்தாகுக.

இந்த ஆண்டு நாங்கள் கற்ற ஒரு பாடத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அதைக் கற்பித்தவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர்.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டு மாணவிகளும் இரண்டு மாணவர்களும் நோட்டும் பேனாவுமாகச் சிற்றாலய அறைக்கு வந்தார்கள். 'நம் கடற்கரையில் வாழ்ந்த ஒரு விசுவாச வீரர்' என்ற தலைப்பில் ஆய்வு செய்து வரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். சவேரியாரைப் பற்றி எழுதுவீர்கள் போலிருக்கிறது என்று நினைத்தோம். "இல்லை ஐயா, அண்டிரிக் அடிகளார். அவர் புன்னைக்காயலில் ஆஸ்பத்திரி தொடங்கினவர். அதனால்தான் ஆஸ்பத்திரி ஐயரைப் பார்க்க வந்தோம்" என்றார்கள்.

எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. இறையியல் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்தவர்கள் நாங்கள். சீகன்பால்க் ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியதும், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் பக்கத்து ஊராகிய புன்னைக்காயலில் வாழ்ந்த இந்த மனிதரைப் பற்றிப் பரீட்சைக்காக எழுதிய இரண்டு வரிக்கு மேல் எங்களுக்குத் தெரியாது. கேள்வி கேட்க வந்த பிள்ளைகளிடத்தில் நாங்களே கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

அவர்கள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர். 1520-இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்தவர். யூத வம்சத்திலிருந்து கிறிஸ்தவர்களான குடும்பம். அந்தப் பிறப்பையே காரணமாகச் சொல்லி, அவர் முதலில் சேர்ந்த துறவற சபை அவரை வெளியே அனுப்பிவிட்டது. பிறகு இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. 1546-இல் இந்தியாவுக்கு வந்து, அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக் கரைக்கு அனுப்பப்பட்டார். 1600-இல் புன்னைக்காயலில் மரிக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, இந்தக் கரையே அவருடைய ஊராக இருந்தது. அவருடைய சரீரம் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பரதவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542-இல் சவேரியாரும் வந்து கரையோரமெல்லாம் நடந்து ஊழியம் செய்தார். ஆனால் யாவும் துபாஷிகள் மூலமாகவே நடந்தது. ஒருவன் தன் மனத்துயரத்தைச் சொன்னால், அதை இடையில் ஒருவர் கேட்டு வேறு பாஷையில் சொல்ல வேண்டும். இது போதாது என்று அண்டிரிக் அடிகளார் கண்டார். இரவும் பகலும் தமிழ் படித்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் துபாஷி இல்லாமல் பேசத் தொடங்கினார். பின்னால் வருகிறவர்களுக்காகத் தமிழ் இலக்கணம் ஒன்றையும் எழுதினார். அதன் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நகரத்துத் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1982-இல் அது அச்சிலும் வந்தது.

1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய உழைப்பு. பதினாறே பக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அதுவே. 1586-இல் 'அடியார் வரலாறு' என்ற பெரிய நூலும் வந்தது. இந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரையோர மக்களே. புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்கென்று அவர் தொடங்கிய ஆஸ்பத்திரியும் இந்த மக்களுடைய பணத்தால் நடந்தது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே, கடலில் இறங்கி உயிரைப் பணயம் வைத்து முத்தெடுத்த ஜனங்கள், முன்பின் தெரியாத நோயாளிக்காகக் கொடுத்தார்கள். பங்காளர்களே, நீங்கள் நிற்கிற வரிசை மிகவும் பழமையானது.

பிள்ளைகளில் ஒருவனுக்கு ஒரு தயக்கம் இருந்தது. "அவரைச் சபையிலிருந்து அனுப்பிவிட்டதை எழுதலாமா ஐயா? அவருக்குக் குறைவாக இருக்குமே" என்றான். கட்டாயம் எழுது என்றோம். அது அவருக்குக் குறைவு அல்ல, அனுப்பினவர்களுக்கே குறைவு. பிறப்பைச் சொல்லி ஒருவரைத் தள்ளிவைக்கிற பாவம் நம் நாட்டிலும் நம் சபைகளிலும் இருக்கிறபடியால், நம் பிள்ளைகள் அதை அறிந்திருக்க வேண்டும்.

இனி நாங்கள் கற்ற பாடத்துக்கு வருகிறோம். அடிகளார் தம் உடன் ஊழியருக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். அவர்கள் தங்களுக்குள் பேசும்போதும் தமிழிலேயே பேச வேண்டும். தவறினால் ஒரு தண்டனை உண்டு. இதைப் படித்துக் காட்டிய மாணவி நோட்டை மூடிவிட்டு எங்களைப் பார்த்தாள். "ஐயா, எங்கள் ஆச்சி உங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்கள். எல்லாரும் நன்றாகக் கவனித்தார்கள். ஆனால் டாக்டர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை என்று வீட்டில் வந்து சொன்னார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு சட்டம் உண்டா?" என்றாள்.

எங்களிடத்தில் பதில் இல்லை.

அந்த வாரத்தில் ஆண்கள் வார்டில் உப்பளத் தொழிலாளி ஒருவர் படுத்திருந்தார். நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காலில் வெடிப்பும் புண்ணும் வரும். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்கு அந்தப் புண் தெரிவதில்லை. மூன்று மாதத்துக்கு முன் இதே வார்டில் இருந்து புண் ஆறி வீட்டுக்குப் போனவர் அவர். புண் ஆறியதும் மாத்திரையும் போதும் என்று விளங்கிக்கொண்டார். கையில் கொடுத்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. திரும்பி வந்தபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் முறை அவர் வீட்டுக்குப் போகிற அன்று, நாங்கள்தான் அவர் கட்டிலருகே நின்று ஜெபித்து அனுப்பினோம். என்ன சொன்னார்கள், என்ன விளங்கிற்று என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை.

அடிகளார் போர்த்துக்கலிலிருந்து வந்து தமிழ் படித்தார். தமிழர்களாகிய நாங்கள் தமிழர்களோடு பேசியும், அவர்களுக்கு விளங்காமல் பேசியிருக்கிறோம். பெந்தெகொஸ்தே நாளில் அவரவர் தங்கள் சொந்தப் பாஷையில் கேட்டார்கள் என்று ஆண்டுதோறும் பிரசங்கிக்கிற எங்களுக்கு, அந்த அற்புதம் மருந்துச் சீட்டிலும் நடக்க வேண்டும் என்று தோன்றாமல் போயிற்று.

இதை மருத்துவ அதிகாரியிடத்திலும் நர்சுகளிடத்திலும் மனம் திறந்து சொன்னோம். ஒருவரும் கோபப்படவில்லை. இப்பொழுது வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழில் சீட்டு கொடுக்கிறோம். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் காலைக்குச் சூரியனும் இரவுக்குச் சந்திரனும் படமாகப் போட்டிருக்கிறோம். சீட்டைக் கொடுக்கிற நர்ஸ், "எப்படிச் சாப்பிடுவீர்கள், நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டு, நோயாளி சரியாகச் சொன்ன பிறகே அனுப்புகிறார். வெளி மாநிலத்திலிருந்து வந்த நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் செவ்வாய்க்கிழமை மாலையில் தமிழ் வகுப்பு நடக்கிறது. தண்டனை எதுவும் வைக்கவில்லை. தவறுகிறவர் தேநீர் வாங்கித் தர வேண்டும் என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதிகமாக வாங்கித் தந்தது இந்த ஐயர்தான் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம்.

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. காகிதமும் அச்சுக்கூலியும், நோயாளியோடு உட்கார்ந்து பேச ஒருவருக்குச் சம்பளமும் வேண்டும். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இந்த ஆண்டு அதற்குப் போயிற்று. கல்வெட்டில் பெயர் பொறிக்கக்கூடிய வேலை அல்ல இது. ஆகிலும் அந்த உப்பளச் சகோதரர் போன மாதம் பரிசோதனைக்கு வந்தபோது, நாங்கள் கேட்பதற்கு முன்பே தம் சீட்டைப் பையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரம் சொன்னார். மீதமுள்ள விரல்களில் புண் இல்லை.

பிள்ளைகளின் ஆய்வு பள்ளிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அது முடிந்ததும் அந்த அட்டையை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். புறநோயாளர் பிரிவில் மாட்டியிருக்கிறோம். போகும்போது பாருங்கள். ஆச்சியின் பேத்தி கேட்ட கேள்வியையும் அதன் கீழே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். எங்களுக்கு அது மறந்துபோகக் கூடாது.

தமிழ் வகுப்புக்காகவும், சீட்டு எழுதுகிற கைகளுக்காகவும், கேள்வி கேட்கத் தயங்கி வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு நோயாளிக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.