கம்பி போட்டால் பாதிதான் ஆச்சு
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடைப் படியில் நான் வலது காலை வைத்து இடது காலை இழுத்து ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். "என்னடா, வயசாயிடுச்சா?" என்று முன்வரிசையில் ஒருத்தன் கேட்டுட்டான். அவனுக்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

2018-ல் ஒரு ராத்திரி, செகண்ட் ஷிப்ட் முடிந்து ஓசூர் சிப்காட்டிலிருந்து சூளகிரிக்கு பைக்கில் வரும்போது லாரி உரசி இடது தொடை எலும்பு முறிந்தது. எலும்புக்குள் கம்பி செலுத்தி ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் 'பிசியோதெரபி' என்று ஒரே ஒரு சொல். யாரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அசையாமல் படுத்தால் எலும்பு கூடிடும் என்று நினைத்தேன். அம்மா பாசத்தோட முட்டிக்கு அடியில் தலையணை வைத்தார். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் முட்டி மடங்கவும் இல்லை, முழுசா நீளவும் இல்லை.

மெக்கானிக்கல் படிச்ச நமக்கே இது தோணாம போச்சே! ஜெர்மனியில் டாக்டர் குன்ட்ஷர் 1939-ல் எலும்புக்குள் கம்பி போட்டதே, நோயாளியை மாதக்கணக்கில் படுக்க வைக்காமல் சீக்கிரம் நடக்க விடத்தான். எலும்பைக் கம்பி பிடித்துக்கொள்ளும். மூட்டை ஓட்டுவது நம்ம வேலை.

மூன்றாம் மாதம் ஓசூரில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். ஒரே ஹாலில் தமிழில் 'மடக்குங்க', தெலுங்கில் 'வஞ்சண்டி', கன்னடத்தில் 'மடச்சி' என்பார். பதிலுக்கு வரும் 'ஐயோ' மட்டும் மூணு மொழிக்கும் பொது. என் முட்டியை அளந்தார்: 40 டிகிரி. நாற்காலியிலிருந்து ஒழுங்காக எழவே 90 வேணும். நம்ம ஊர்க் கழிப்பறையில் குந்த அதைவிட எவ்வளவோ அதிகம்.

சொல்லிக் கொடுத்தது எல்லாம் காசில்லாத வேலை. பாதத்தை மேலும் கீழும் ஆட்டணும். கெண்டைச் சதை பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும், உறைய விடாது. முட்டியைக் கட்டிலில் அழுத்தித் தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி விடணும். குதிகாலைப் படுக்கையில் இழுத்து முட்டியை மடக்கணும். பலருக்கு இவற்றை ஆபரேஷனுக்கு மறுநாளே தொடங்கலாமாம். எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை மட்டும் டாக்டர்தான் எக்ஸ்-ரே பார்த்துச் சொல்லணும். எட்டு மாதம் பல்லைக் கடித்துச் செய்து 100 டிகிரி வந்தது. பிரஸ் ஷாப்பில் நின்று பார்த்த வேலை போய் ஸ்டோரில் உட்கார்ந்தேன். நான் நிரந்தரத் தொழிலாளி, தப்பித்தேன். பக்கத்து பெட்டில் படுத்திருந்த கான்ட்ராக்ட் பையனுக்கு உட்கார ஸ்டோர் இல்லை.

2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அதில் ஒரு பகுதி. என் அக்கா மகனுக்கு 2023-ல் கால் முறிந்து ஆபரேஷன் ஆனபோது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நானே போய்ச் சொல்லி வைத்தேன். தலையணையையும் முதல் நாளே எடுத்துட்டேன், அக்காவுக்குக் கோபம். போன பொங்கலுக்கு எருதுவிடும் விழாவில் அவன் மாட்டைப் பிடித்துக்கொண்டு வீதியில் போனான். நான் மொட்டை மாடியில் நாற்காலி போட்டுப் பார்த்தேன்.