குழந்தைக்கு வயிறு நிறைந்தால் போதுமா?

(குன்னத்துகாலில் நடைபெற்ற நம் சபையின் பாறசாலை - நெய்யாற்றின்கரை வட்டாரக் குடும்பக் கூடுகையில் மகளிர் பிரிவு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. "உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், போதும்" என்று மகளிர் பிரிவில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பத்து வருஷத்திற்கு மேலாக என் அகத்தில் பிறர் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்டு வருகிறேன். காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் அம்மாக்கள், களியக்காவிளை கடைகளுக்கும் திருவனந்தபுரம் ஆபீஸ்களுக்கும் போகிறவர்கள், காலை எட்டரைக்கு விட்டுவிட்டு மாலை ஐந்தரைக்கு வந்து அழைத்துப் போவார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் மாமிகளில் நாலைந்து பேராவது இதே காரியம் செய்கிறீர்கள். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதைவிட அதிகம். அதனால் இந்த விஷயம் நம் எல்லோருக்கும் பொதுவானது.

முதலில் என் தப்பை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று என்னிடம் இருந்தது. சாது. கொடுத்ததைச் சாப்பிடும், படுத்துத் தூங்கும். ஒரு நாள் அதன் அம்மா அங்கன்வாடியில் எடை போட்ட அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். ஐந்து மாதமாக எடைக் கோடு மேலே ஏறாமல் படுத்தே கிடந்தது. "மாமி, வீட்டில் ராத்திரி நன்றாகத்தான் சாப்பிடுகிறாள்" என்றாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஒன்பது மணி நேரம் என்னிடம் இருக்கிற குழந்தை. அதன் சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு என் கையால்தான் போகிறது. அப்படியானால் கணக்கு என்னிடம்தான் உதைக்கிறது.

மறுநாள் நான் கொடுப்பதை எல்லாம் எழுதிப் பார்த்தேன். காலை பத்து மணிக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்ட பால், இரண்டு பிஸ்கட். மத்தியானம் ஒரு சின்னக் கிண்ணம் குழைந்த ரசஞ்சாதம். மூன்றரைக்கு மோர் சாதம் இன்னொரு கிண்ணம். சாயங்காலம் மறுபடி பிஸ்கட். குழந்தைக்குச் செரிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் நீர்க்கவே செய்திருக்கிறேன்.

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு சுமார் 1010 கலோரி தேவை என்று ஐ.சி.எம்.ஆர். 2020ல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. நான்கு முதல் ஆறு வயதுக்கு 1360. மூன்றில் இரண்டு பங்கு என்றால் என்னிடம் இருக்கும் நேரத்தில் 650க்கு மேல் போக வேண்டும். நான் கொடுத்ததை எப்படிக் கூட்டினாலும் 400ஐத் தாண்டவில்லை. ரசஞ்சாதத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் 100 கலோரி தேறினால் அதிகம். வயிறு நிறைந்துவிடுகிறது, குழந்தை தூங்கிவிடுகிறது. நாமும் திருப்தியாக இருந்துவிடுகிறோம்.

இதில் பெரியவர் ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். சேலத்தில் 1918ல் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் 1958ல் ஹைதராபாத்துக்கு மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அதன் இயக்குநராக இருந்தவர், பிறகு ஐ.சி.எம்.ஆர். தலைமைப் பொறுப்பும் வகித்தார். நூறு வயது நிறைந்து 2019ல் காலமானார். நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதம்தான் குறைவு, அதற்கு விலை உயர்ந்த மாவும் டப்பாவும் வேண்டும் என்று உலகமெல்லாம் பேசிய காலத்தில், நம் குழந்தைகளுக்கு முதலில் குறைவது சாப்பாட்டின் அளவு என்று அவர் எடுத்துக்காட்டினார். வழக்கமான பருப்பும் சாதமும் போதிய அளவு உள்ளே போனால் புரதத் தேவையின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. என் நோட்டுக் கணக்கும் அதையேதான் சொல்லிற்று.

ஆனால் இரண்டரை வயதுக் குழந்தையின் வயிறு சின்னது. கிண்ணத்தைப் பெரிதாக்கினால் மீதி வைத்துவிடும். அதே கிண்ணத்தில் சத்தை ஏற்ற வேண்டும். அதற்கு நான் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, பருப்பும் நெய்யும். ரசத்தின் தெளிவை விட்டுப் பிசைவதற்குப் பதில், கெட்டியான பருப்பு, மசித்த காய், ஒரு டீஸ்பூன் நெய். அந்த ஒரு டீஸ்பூன் நெய்யில் மட்டும் 45 கலோரி. அதே அளவு கிண்ணம் 200 கலோரியைத் தொட்டுவிடும். நெய்யாற்றின்கரை உண்ணிக்கண்ணனுக்கு இரண்டு கையிலும் வெண்ணெய் சார்த்துகிறோம். அகத்தில் இருக்கிற குழந்தைக்கு மட்டும் கொழுப்பு ஆகாது என்று ஸ்பூனை வழித்துவிட்டு ஊற்றுகிறோம்! கொழுப்பைக் குறைக்க வேண்டியது நமக்கு, குழந்தைக்கு அல்ல. அரிசியில் குறைவான லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமை பெறும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை.

இரண்டாவது, அரிசி. நம் அகங்களில் பச்சரிசிதான் வழக்கம். அக்கம்பக்கத்து வீடுகளில் புழுங்கல் சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும். நெல்லை வேகவைத்துக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கிவிடுகின்றன. பிறகு தீட்டினாலும் அவ்வளவாகப் போவதில்லை. வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசியில் அது இல்லை. நைவேத்தியத்திற்குப் பச்சரிசி இருக்கட்டும். குழந்தைகளுக்கு வாரத்தில் மூன்று நாளாவது புழுங்கலரிசிக் கஞ்சியும் சிறுபயறும் கொடுக்கலாம். இந்த ஊர்க்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இது.

மூன்றாவது, பிஸ்கட்டுக்கு விடை கொடுத்தேன். அதற்குப் பதில் மட்டிப் பழம் அல்லது நேந்திரம்பழம், வேகவைத்த கடலை, இட்லி, அவல் வெல்லம் தேங்காய், கேழ்வரகுக் கஞ்சி. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லை. இதில் ஒரு யுக்தி உண்டு. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் கலந்து மறுபடி ஒரு கொதி விட்டால், தண்ணீர் சேர்க்காமலே கஞ்சி இளகிவிடும். முளையில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் வருவது அது. நீர்க்காமலே குழந்தை குடிக்கும் பதம் கிடைக்கும். வேர்க்கடலையை ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு முழுதாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்துத்தான் சேர்க்க வேண்டும்.

நான்காவது, இரும்புச்சத்து. கேரளம் படித்த மாநிலம், ஆஸ்பத்திரி நிறைந்த மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 39 பேருக்கு இங்கே ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 36 ஆக இருந்தது. கூடியிருக்கிறது! வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நூற்றுக்கு 23. நாம் மாமிசம் சமைப்பதில்லை. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ளது ஏதாவது அதே வேளையில் சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும். முருங்கைக்கீரைப் பருப்பில் இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். கர்க்கடகத்தில் முருங்கை இலை ஆகாது என்பவர்கள் அந்த மாதம் தண்டுக்கீரையோ சேப்பிலையோ செய்யலாம். இன்னொன்று, குழந்தைக்கு டீயும் காபியும் வேண்டவே வேண்டாம். "ரெண்டு முழுங்கு கொடுத்தால் என்ன?" என்று நானே கேட்டிருக்கிறேன். சாப்பாட்டை ஒட்டிக் கொடுக்கிற அந்த இரண்டு முழுங்கு, கீரையில் இருக்கிற இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது, பாலும் முட்டையும். ஒரு வயது முடிந்த குழந்தைக்குப் பாலில் தண்ணீர் கலக்க வேண்டியதில்லை. சைவக் குழந்தைக்கு பி12 கிடைக்கும் வழியே பாலும் தயிரும்தான். அதற்காகப் பாலையே குடித்து வயிற்றை நிரப்பவும் விடக்கூடாது, பிறகு சாதம் இறங்காது. முட்டையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். என் சமையலறையில் அது வராது. ஆனால் என்னிடம் வரும் குழந்தைகள் பலர் முட்டை சாப்பிடும் வீட்டுக் குழந்தைகள். அவர்கள் அம்மாவிடம் "காலையில் ஒரு முட்டை கொடுத்து அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நானே சொல்லிவிடுகிறேன். நம் ஆசாரம் நம்மோடு. அதற்காகப் பிறர் குழந்தைக்குக் கிடைக்க வேண்டியது குறையக் கூடாது.

2025 தொடக்கத்தில் நம் மாநிலத்து அங்கன்வாடிச் சிறுவன் ஒருவன் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று மழலையில் கேட்டது டி.வி.யில் எல்லாம் வந்தது. எல்லோரும் சிரித்தோம். அமைச்சர் அதை விளையாட்டாக விடவில்லை. அந்த வருஷம் ஜூனில் அங்கன்வாடிச் சாப்பாட்டுப் பட்டியலையே மாற்றினார்கள். முட்டை பிரியாணி சேர்ந்தது, சர்க்கரையும் உப்பும் குறைந்தன. ஒரு குழந்தை வாய்விட்டுக் கேட்டதற்கு அரசாங்கமே காது கொடுத்திருக்கிறது. நம்மிடம் இருக்கும் குழந்தைகள் தட்டில் மீதி வைத்தும் முகத்தைத் திருப்பியும் சொல்கின்றன. அதை நாம் "அடம்" என்கிறோம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பெண்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள். அங்கே 1968ல் சோதனையாகத் தொடங்கிய ஒரு அரசாங்கச் சாப்பாட்டுத் திட்டம், வீட்டில் குழந்தை பார்ப்பவர்களுக்கும் பின்னர் விரிந்தது. ஒழுங்காகப் பரிமாறினால் செலவில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். வருஷத்திற்கு மூன்று தடவையாவது ஆள் வந்து பார்ப்பார்கள், அதில் இரண்டு தடவை சொல்லாமல் வருவார்கள். 2017 அக்டோபர் முதல் அங்கே பழச்சாறு ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் கணக்கில் வராது, கேக்கும் இனிப்பு பிஸ்கட்டும் தானியக் கணக்கில் சேராது. இங்கே அங்கன்வாடிக்கு மேற்பார்வை உண்டு. நம்மைப் போல் வீட்டோடு நான்கு குழந்தைகளைப் பார்க்கும் மாமியின் சமையலறைக்கு யாரும் வரப்போவதில்லை. அதனால் நம்மை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே சபைக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, குழந்தை பார்க்கும் மாமிகள் மாதம் ஒரு முறை கூடி, கொடுத்ததை எழுதிய நோட்டைப் பரிமாறிக்கொள்ள ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். இரண்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் மாதந்தோறும் எடை பார்க்க வேண்டும். அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால் செய்து தருவார். ஒரு வயதுக்கு மேல் வருஷத்திற்கு இரண்டு கிலோவாவது கூட வேண்டும். மூன்று மாதம் கோடு படுத்தால் டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும். மூன்று, சபை விசேஷங்களில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பிஸ்கட், ஜூஸ் பாக்கெட்டை நிறுத்திச் சுண்டலும் பழமும் கொடுங்கள். சுண்டல் நமக்குத் தெரியாத பட்சணமா?

அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டாக்டரிடமும் காட்டினாள் அம்மா, வேறு வியாதி எதுவும் இல்லை. சாப்பாட்டை மாற்றிய இரண்டாவது மாதம் கோடு அசைந்தது. நான்காவது மாதம் நன்றாக ஏறிற்று. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வழியில் பார்த்தால் "பாட்டி" என்று ஓடி வருவாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஐந்து மாதம் எனக்கு ஞாபகம் வரும். அன்போடுதான் ஊட்டினேன், அளவும் பார்த்திருக்க வேண்டும்.

நாளைக் காலை அடுப்படியில் நிற்கும்போது ஒரு டீஸ்பூன் நெய்யும் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பும் ஞாபகம் இருந்தால் எனக்கு அதுவே போதும். குழந்தைகள் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.