வேலை தேடும் நம் தங்கச்சிமாருக்கு

(நூற்றாண்டு விழாவையொட்டி பழைய மாணவிகள் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



தொழில்நுட்பத் துறையில் வேலை தேடும்போது கூட்டத்தில் ஒருத்தியாகிவிடாமல் தனித்துத் தெரிவது எப்படி என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் மென்பொருள் துறையில் இருப்பவள். கடந்த சில வருடங்களாக, புதியவர்களின் விண்ணப்பங்களை வாசித்து யாரை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கலாம் என்று சொல்வதும் எனது வேலைகளில் ஒன்று. ஆகவே மேசைக்கு அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் நமது நிலைமை. நமது மூத்தவர்கள் படித்த காலத்தில் இந்தக் கரையோரத்தில் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கவில்லை. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாகி, அடுத்த வருடமே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம் வந்தது. 2012 இல் பொறியியல் பீடம் வந்தது. 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பத் துறையும் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு 2000 ஆம் ஆண்டிலிருந்து வீட்டில் இருந்தபடியே படித்துப் பரீட்சை எழுதலாம்.

வாசல்கள் திறந்திருக்கின்றன. நம் பிள்ளைகள் உள்ளே போய்ப் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். அதன் பிறகு என்ன நடக்கிறது? பலர் அரசாங்க நியமனம் வரும்வரை வீட்டில் காத்திருக்கிறார்கள். கணினி படித்த பிள்ளைக்கு இரண்டு வருடக் காத்திருப்பு என்பது சாதாரண விடயம் அல்ல. படித்தது பழையதாகிவிடும், கை மறந்துவிடும். "கொழும்புக் கம்பனிகள் நம்மளை எடுக்க மாட்டாங்க" என்று விண்ணப்பமே போடாத பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

ஒரு பயிலுனர் வெற்றிடத்துக்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் முதற் பார்வையில் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்தில் நான் தேடுவது ஒன்றே ஒன்று: இந்தப் பிள்ளை எதையாவது செய்து முடித்திருக்கிறாளா?

மருதமுனைச் சாறன் வாங்க வருகிற வியாபாரி நெய்தவரிடம் சான்றிதழ் கேட்பதில்லை. துணியை விரிக்கிறார், கரையைப் பிடித்துப் பார்க்கிறார், இழையை விரலால் தடவிப் பார்க்கிறார். நமது துறையும் அப்படித்தான். பட்டம் உங்களை வாசல் வரை கொண்டுவரும். அங்கே ஏற்கனவே ஐந்நூறு பட்டங்கள் நிற்கின்றன. விரித்துக் காட்ட உங்களிடம் ஒரு முழத் துணியாவது இருக்க வேண்டும்.

"என்னத்தைச் செய்து காட்டுவது?" என்று கேட்பீர்கள். வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது நூலக முகாமைத்துவ முறைமை, விடுதி முன்பதிவு, காலநிலைச் செயலி. எல்லாரும் ஒரே பாடத்தைப் பார்த்துச் செய்தவை. நம்மிடம் வேறு சரக்கு இருக்கிறது. அதை விளங்கப்படுத்த ஓர் உண்மைக் கதை சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 பற்றி இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். அந்தக் கிழமையே கொழும்பில் மென்பொருளாளர்கள் சிலர் தொண்டர்களாக ஒன்றுகூடி ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எங்கே என்ன தேவை என்கிற பதிவு எல்லாம் அதில் இருந்தன. 'சஹன' என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கவும் திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருள் அது. 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியிலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010 இல் ஹைட்டி பூமியதிர்ச்சியிலும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மைக்குரிய விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. தேவையின் பக்கத்தில் நின்று எழுதப்பட்ட மென்பொருள் உலகம் சுற்றிவரும் என்பதற்கு நமது நாட்டிலேயே உள்ள சான்று இது.

இனி நமது சரக்குக்கு வருவோம். ஒரு பட்டியலில் ஸுலைஹாவைத் தேடுகிறீர்கள். அவருடைய பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'எஸ்' போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் 'இசட்' போட்டு எழுதியிருப்பார். பாத்திமாவை 'எஃப்' போட்டும் எழுதுவார்கள், 'பி' போட்டும் எழுதுவார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், பாடசாலை இடாப்பில் இன்னொரு விதம். ஒலியை வைத்துப் பெயர் தேட சவுண்டெக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. 1918 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அது பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மெய்யெழுத்துகளை இலக்கங்களாக மாற்றும். முதல் எழுத்தே மாறுகிற நம் பெயர்களில் அது தடுமாறும். 'இசட்' ஸுலைஹாவும் 'எஸ்' ஸுலைஹாவும் அதற்கு இரண்டு ஆட்கள்.

வேறிடத்தில் வளர்ந்த ஒரு பொறியியலாளருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதே தெரியாமல் இருக்கலாம். உங்களுக்கு இது வீட்டுப் பிரச்சினை. நம் பெயர்களுக்கு ஏற்றபடி அந்த விதிகளைத் திருத்தி, ஒரு சிறிய தேடல் கருவி செய்து, எத்தனை பெயர்களில் பரிசோதித்தேன், எத்தனை சரியாக வந்தது, எது இன்னும் பிழைக்கிறது என்று எழுதி வையுங்கள். அந்த விண்ணப்பத்தை நான் ஒரு நிமிடத்தில் தாண்டிப் போக மாட்டேன். நெல் ஆலைக் கணக்கு, ஜனாஸா சங்கத்தின் சந்தாக் கணக்கு, புடவைக் கடையின் இருப்பு என்று நம்மைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. உண்மையில் ஒரு மனிதராவது பாவிக்கிற சின்ன வேலை, யாரும் பாவிக்காத பெரிய வேலையைவிடப் பெறுமதியானது. ஒன்று கவனம்: உண்மையான ஆட்களின் விபரங்களை வெளியே போடாதீர்கள். பரிசோதனைக்குக் கற்பனைப் பெயர்களே போதும்.

செய்ததைக் கிட்ஹப் போன்ற இடத்தில் வையுங்கள். எந்தத் திகதியில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்பது அங்கே வரிவரியாக இருக்கும். ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த வேலையைக் காணும்போது, சொன்னதை முடிக்கிற பிள்ளை என்று வாசிப்பவருக்கு விளங்கும். அடுத்த படி, மற்றவர்களின் திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிப்பது. ஒரு பிழையைத் தெளிவாக அறிவிப்பது, ஒரு பக்கத்தைத் தமிழாக்குவது, ஒரு விளக்கக் குறிப்பைத் திருத்துவது ஆகியவைகூட பங்களிப்புத்தான். கூகுள் 2005 இல் தொடங்கிய கோடைகாலத் திட்டத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல வருடங்கள் உலகிலேயே முன்னணியில் நின்றார்கள். 2022 முதல் அத்திட்டம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வெளியேயும் திறக்கப்பட்டுள்ளது. விண்ணப்பிக்கக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

சுயவிபரக்கோவை பற்றி. ஒரு பக்கம் போதும். மேலே பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, உங்கள் வேலைகளின் இணைப்பு. அதன் கீழே நீங்கள் செய்த இரண்டு மூன்று வேலைகள். பிறகு கல்வி. அடையாள அட்டை இலக்கம், சமயம், திருமண நிலை, வாப்பாவின் பெயர், சாதாரண தரத்தின் ஒன்பது பாடப் பெறுபேறுகள், "மேற்கூறிய யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன்" என்ற வரி எல்லாம் அரசாங்க விண்ணப்பத்துக்கு உரியவை. தனியார் மென்பொருள் நிறுவனம் கேட்காதவரை தேவையில்லை.

புகைப்படமும் தேவையில்லை. இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு 2016 இல் வெளியானது. ஒரே தகைமைகள், ஒரே பெண்ணின் படம். ஜெர்மன் பெயரில் அனுப்பியபோது 18.8 வீதம் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. துருக்கிப் பெயரில் 13.5 வீதம். அதே துருக்கிப் பெயரோடு தலையை மூடிய படத்தை வைத்தபோது 4.2 வீதம். தங்கச்சிமாரே, பாரபட்சம் இருக்கிறது. பதில் வராத ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உங்கள் குறையாக எண்ணி மனம் உடையாதீர்கள். உங்கள் முகத்துக்கு முன்னால் உங்கள் வேலை போய்ச் சேரட்டும் என்பதற்காகத்தான் படம் வேண்டாம் என்கிறேன். பெயரை மாற்றாதீர்கள், ஊரை மறைக்காதீர்கள். நேர்முகத்துக்கு வழமையாக உடுப்பதுபோல உடுத்துப் போங்கள். உங்களை உங்களாக ஏற்காத இடத்தில் நீண்ட நாள் வேலை செய்ய முடியாது.

1962 இல் இங்கிலாந்தில் ஸ்டெபானி ஷெர்லி என்ற பெண் மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சிறு வயதில் அகதியாக வந்து சேர்ந்தவர். தன் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராததால் 'ஸ்டீவ்' என்று கையொப்பமிடத் தொடங்கினார். அதன் பிறகே பதில்கள் வந்தன. பிள்ளை பெற்று வேலையை விட்ட பெண்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதியவர்கள் அவர்கள்தான். இணையமே இல்லாத காலத்தில், தபாலையும் தொலைபேசியையும் வைத்துக்கொண்டு செய்தார்கள். இன்று நம் வீடுகளில் இணையம் இருக்கிறது. கொரோனாக் காலத்துக்குப் பின் வீட்டிலிருந்து வேலை என்பது புதுமையும் அல்ல. ஆனால் யாரும் அறியாத ஒரு புதியவருக்கு முதல் வேலையையே தூரத்திலிருந்து கொடுக்க நிறுவனங்கள் தயங்கும். முதல் ஆறு மாதமோ ஒரு வருடமோ அலுவலகத்தில் இருந்து பழகினால், அதன் பின்னர் கல்முனையிலிருந்து வேலை செய்யக் கேட்கும் தைரியமும் தகுதியும் வரும்.

நேர்முகப் பரீட்சைக்கு மூன்று விடயங்கள். ஒன்று, "நாங்க செய்தோம்" என்று நிறுத்தாதீர்கள். பெண் பிள்ளைகள் அடக்கத்தினால் அப்படித்தான் சொல்கிறார்கள். குழுவில் உங்கள் பங்கு எது என்று சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது, கேட்பவருக்குத் தேவையான தகவல். இரண்டு, ஆங்கிலம். உச்சரிப்பை யாரும் அளப்பதில்லை, தெளிவைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் வேலையை மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கித் தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். பத்துத் தடவை செய்தால் பதினோராவது தடவை பயம் இருக்காது. மூன்று, செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் எல்லோருடைய விண்ணப்பக் கடிதமும் ஒரே குரலில் பேசுகிறது. அதைக் கேட்டுப் படியுங்கள், தவறில்லை. ஆனால் உங்கள் பெயரில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் கேட்பது அதைத்தான். தெரியாவிட்டால் "தெரியாது, இப்படித் தேடிப் பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மதிப்பு உண்டு.

கடைசியாக, இந்த மலரைக் கொழும்பிலும் கட்டாரிலும் லண்டனிலும் மெல்பர்னிலும் இருந்து வாசிக்கப்போகும் ராத்தாமாரிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்காக நாம் கட்டடத்துக்குப் பணம் சேர்க்கிறோம், நல்லது. அதோடு இன்னும் மூன்று உதவிகள் வேண்டும். மாதத்துக்கு ஒரு தங்கச்சியின் சுயவிபரக்கோவையை வாசித்து மறைக்காமல் கருத்துச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் ஒதுக்கி ஆங்கிலத்தில் ஒரு மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்துங்கள். கொழும்பில் பயிற்சிக்கு இடம் கிடைத்த பிள்ளை தங்குவதற்கு வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் நம்பிக்கையான ஓர் இடம் பார்த்துக் கொடுத்து, அந்த உம்மாவோடு நீங்களே ஒரு முறை பேசுங்கள்.

இந்த மூன்றாவது உதவியே மிகப் பெரியது. நம் பிள்ளைகளில் பலர் நேர்முகப் பரீட்சையில் தோற்பதில்லை. "எங்கே தங்குவாய்?" என்று வாப்பா கேட்கும் கேள்விக்கு வீட்டில் பதில் இல்லாததால்தான் கையில் வந்த வாய்ப்பைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலாக இருக்க ஒரு பழைய மாணவிகள் சங்கத்தால் முடியும்.

சங்கச் செயலாளரிடம் இன்று ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறது. ஒரு பக்கம் உதவ முன்வரும் ராத்தாமாருக்கு, மறு பக்கம் உதவி தேவைப்படும் தங்கச்சிமாருக்கு. போகும்போது ஏதாவது ஒரு பக்கத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.