டிக்கெட்டில் ஒரு பெயர், உழைப்பு வேறொருவருடையது

(திருப்புட்குழியில் நெசவாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



தறிக்காரரும் ஆலைத் தொழிலாளியும் நாற்று நடுகிறவரும் கூடியிருக்கிற இந்த இடத்தில், விமானம் ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "லட்சக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் கதை நமக்கெதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்டு முடித்த பின், இது நம் தறிக்குழியின் கதை, நம் வயல் வரப்பின் கதை என்பது விளங்கும்.

காஞ்சிபுரம் பட்டு கடையில் விற்கிறது. பெட்டியின் மேல் கடையின் பெயர் பெரிதாக இருக்கிறது. கோர்வை போட்டு நெய்தவர் பெயரை எங்கே காண்கிறோம்? எங்கே கூலி குறைவோ அங்கே பாவு போகும். விசைத்தறியில் மலிவாகக் கிடைத்தால் அங்கே போகும். கடையின் பெயர் மட்டும் மாறாது.

விமானக் கம்பெனிகளும் இதே வித்தையைக் கற்றிருக்கின்றன. ஒரு கம்பெனி டிக்கெட் விற்கிறது; விமானத்தை ஓட்டுவது இன்னொரு கம்பெனி. ஒரே விமானத்துக்கு இரண்டு கம்பெனிகளின் எண். இதற்குக் 'கோட்ஷேர்' என்று பெயர். நம் நாட்டில் 2023 பிப்ரவரியில், இண்டிகோ கம்பெனி டெல்லியிலிருந்து இஸ்தான்புல்லுக்குப் பெரிய போயிங் 777 விமானத்தை விட்டது. விமானமும் அதை ஓட்டிய விமானிகளும் துருக்கி ஏர்லைன்ஸைச் சேர்ந்தவர்கள்.

அமெரிக்காவில் இந்த வியாபாரம் பல ஆண்டுகளாக நடக்கிறது. பெரிய கம்பெனிகள் சிறு ஊர்களுக்குச் செல்லும் ஜெட் விமானங்களைச் சிறு கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டன. விமானத்தின் மேல் பெரிய கம்பெனியின் வர்ணம். உள்ளே இருக்கிற விமானிக்குச் சிறு கம்பெனியின் சம்பளம். "இப்படியே போனால் நாளைக்கு நம் வேலை முழுவதும் வெளியே போய்விடும்" என்று பெரிய கம்பெனி விமானிகள் உணர்ந்தார்கள். சங்கத்தின் மூலம் ஒப்பந்தத்தில் ஒரு வரம்பு எழுதி வைத்தார்கள். பெரிய கம்பெனிகளில் இன்று அந்த வரம்பு என்ன? 76 ஆசனங்களுக்கு மேலோ, 86,000 பவுண்டு எடைக்கு மேலோ உள்ள விமானத்தை வெளியே கொடுக்கக் கூடாது. அதற்குள் அடங்கும் விமானங்களிலும் இத்தனைதான் என்று கணக்கு உண்டு.

ஒப்பந்தத்தின் ஒரு வரிக்கு எவ்வளவு பலம் பாருங்கள்! யுனைடெட் என்ற கம்பெனிக்கு 70 ஆசன விமானங்களை வெளியே கொடுக்கும் கணக்கு நிரம்பிவிட்டது. 2019-இல் அது என்ன செய்தது? அந்த விமானத்திலிருந்து 20 ஆசனங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, '50 ஆசன விமானம்' என்று பெயர் சூட்டிப் பறக்க விட்டது. சங்கம் எழுதிய வரியை உடைக்க முடியாத முதலாளி, ஆசனத்தைக் கழற்றினார்!

நமக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், 22 ரகங்களைக் கைத்தறிக்கே உரியவை என்று வைத்தது. விசைத்தறிக்காரர்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1993-இல் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் பின்னால் 22 ரகம் 11 ஆகக் குறைக்கப்பட்டது. மிச்சமிருக்கிற ரகங்களும் விசைத்தறியில் ஓடிக் கைத்தறி என்று விற்பனையாவது உங்களுக்குத் தெரியாததல்ல. காகிதத்தில் இருக்கும் வரம்பு தானாகக் காவல் காக்காது. சங்கம் காத்தால்தான் அது நிற்கும்.

சரி, வரம்பு எழுதிவிட்டால் போதுமா? இங்கேதான் விமானிகளுக்குள்ளேயே பெரிய விவாதம் எழுந்தது. அதைத்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

சிறு கம்பெனி விமானி கேட்டார்: "நாங்களும் அதே சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம். எங்கள் கம்பெனி பெரிய விமானம் வாங்கக் கூடாதென்று எங்கள் சங்கமே கையெழுத்துப் போடுவது என்ன நியாயம்?" 2001-இல் அவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் சங்கத்தின் மீதே வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டில் டெல்டா கம்பெனிக்குச் சொந்தமான காமேர் என்ற சிறு கம்பெனியின் விமானிகள் 89 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கிடைத்தது. ஆனால் 2012-இல் டெல்டா அந்தக் கம்பெனியையே மூடிவிட்டது. வேறு குத்தகைக் கம்பெனிகள் கையில் இருக்கும்போது, அதிகம் கேட்கிற கம்பெனி எதற்கு?

குறைந்த கூலி எங்கே கொண்டுபோய் விடும்? 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகரருகே ஒரு விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் மாண்டார்கள். டிக்கெட்டில் இருந்தது கான்டினென்டல் என்ற பெரிய கம்பெனியின் பெயர். ஓட்டியது கோல்கன் என்ற சிறு கம்பெனி. துணை விமானியின் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 16,000 டாலர்தான் என்று விசாரணையில் வெளிவந்தது. அந்தப் பெண் சியாட்டில் நகரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். விமானத்தின் வேகம் குறைந்தபோது தலைமை விமானி தவறாகக் கையாண்டதே காரணம் என்றது விசாரணை. களைப்பும் இருவரையும் பாதித்திருக்கக் கூடும் என்றும் அது சொன்னது.

நம் நாட்டுக்கு வருவோம். 1996-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் 'அலையன்ஸ் ஏர்' என்ற துணைக் கம்பெனியைத் தொடங்கியது. 2005-இல் ஏர் இந்தியாவின் துணைக் கம்பெனியாக 'ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்' வந்தது. அதில் குறித்த கால ஒப்பந்தத்தில் விமானிகளைச் சேர்த்தார்கள். 2007-இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக இணைத்தார்கள். கம்பெனி ஒன்றாயிற்று, விமானிகள் ஒன்றாகவில்லை. சம்பளம் இரண்டு, சங்கம் இரண்டு.

2011-இல், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம சம்பளம் கேட்டு 10 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2012 மே மாதம் பழைய ஏர் இந்தியா விமானிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் எதிர்த்தது என்ன? புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்தில் மற்றப் பிரிவு விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பதை! தங்கள் பதவி உயர்வு தள்ளிப்போகும் என்பது அவர்களுடைய அச்சம். அச்சம் பொய்யல்ல. ஆனால் போட்ட கோடு சக தொழிலாளியின் மார்புக்கு நேரே போட்ட கோடு.

விளைவு? 58 நாட்கள் போராட்டம் நடந்தது. டெல்லி உயர்நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. நூறுக்கு மேற்பட்ட விமானிகள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. மற்றப் பிரிவினர் உள்நாட்டு விமானங்களை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ஜூலை 3-ஆம் தேதி போராட்டம் முடிந்தது. 787-இல் இரு பிரிவினரும் ஏறினார்கள். 2022 ஜனவரியில் சர்க்கார் அந்தக் கம்பெனியையே டாட்டாவுக்கு விற்றுவிட்டது. இரு பிரிவாருக்கும் முதலாளி ஒருவரே ஆனார்!

தோழர்களே! அறுவடைக் காலத்தில் வெளியூர் ஆட்களைக் குறைந்த கூலிக்கு இறக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களை வரப்பிலிருந்து விரட்டுவது சுலபம். விரட்டினால் அடுத்த வாரம் வேறு ஊரிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள். "நீங்களும் எங்கள் கூலியைக் கேளுங்கள், உங்களுக்காக நாங்களும் கேட்கிறோம்" என்று சொன்னால்தான் பண்ணையாருக்கு அவர்களை அழைத்துவரக் காரணமே இல்லாமல் போகும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். வரம்பு வேண்டும், வேலையை வெளியே கடத்துவதைத் தடுக்காத ஒப்பந்தம் ஓட்டைச் சால். ஆனால் அந்தக் கோடு முதலாளியின் மலிவுக் கூலிக்கு எதிராக இருக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே நிற்கிற தொழிலாளியையும் அதே சம்பள விகிதத்தில், அதே பதிவேட்டில், அதே சங்கத்தில் உள்ளே கொண்டுவருவது நம் கோரிக்கையின் மறுபாதி. அந்த மறுபாதியை விட்டால், கோடே நமக்குள் சுவராகிவிடும்.

இந்த ஊரின் பெயரிலேயே பறவை இருக்கிறது. ராவணனை எதிர்த்து விழுந்த சடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்று சொல்லுவார்கள். புராணத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் இங்கே இருக்கிறோம். ஆனால் ஒன்று எல்லோருக்கும் தெரியும்: நியாயத்துக்காகத்தான் அந்தப் பறவை போராடியது, தனியாகப் போராடியதால் சிறகிழந்தது.

நாளைக் காலை தறிக்கும் வயலுக்கும் ஆலைக்கும் போகிறபோது, பக்கத்தில் குறைந்த கூலிக்கு நிற்கிறவரைப் பாருங்கள். அவர் நம் எதிரியல்ல. அவரிடம் முதலில் பேசுங்கள். சங்கம் அங்கேதான் தொடங்குகிறது.